இரண்டாவது கேள்வி

"என்ன ஒப்பரேசன்னு சொன்னாங்க பெரியம்மா?"

தள்ளுவண்டிக் கட்டிலில் படுத்திருந்த வேலாயி சிரித்தாள். ஒரே லயத்து வரிசை வீடுகளில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருபத்துமூன்று வருஷம் இருந்துவிட்டு, சுதர்ஷினி இப்படி முன்பின் தெரியாதவள்போலக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? முதல் கேள்வியாக முழுப்பேரைக் கேட்டபோதும் அப்படித்தான் சிரித்தாள். ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் இதெல்லாம் ஒரு முறை போலிருக்கிறது, பிள்ளையின் வேலையைக் கெடுக்கக்கூடாது என்று, பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுப்பதுபோல 'கருப்பையா வேலாயி' என்று கணீரென்று சொன்னாள். இப்போது போர்வையை விலக்கி வலது காலைக் காட்டினாள். பாதம் முழுக்கத் துணிக்கட்டு. கட்டுக்கு வெகு மேலே, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, டாக்டர் விடியற்காலையில் போட்டுவிட்டுப் போன நீல மை அம்புக்குறி இருந்தது.

"பெருவெரலத்தான். கறுத்துப்போச்சுல்ல. அத எடுத்துட்டு, புண்ணக் கழுவி விடுறாங்களாம். சுமன் சொன்னான்," என்றாள். பிறகு அந்த மை அம்பைத் தொட்டுக் காட்டி, இது ஊசி போடுகிற இடமா என்று கேட்டாள்.

சுதர்ஷினியின் கையிலிருந்த தாளில் வேறு எழுதியிருந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே அகற்றுதல். அதன் கீழே டாக்டரின் கையெழுத்து. அதற்குக் கீழே பெருவெட்டான தமிழ் எழுத்தில் வேலாயியின் கையெழுத்து. அதற்கும் கீழே சாட்சியாக மகன் சுமனின் கையெழுத்து. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கால் போகப்போகிறவளுக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஒப்பரேசன் தியேட்டர் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் நோயாளியிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். பேர் என்ன, என்ன ஒப்பரேசன், எந்தப் பக்கம். நோயாளி தன் வாயால் சொல்லவேண்டும். சொல்லும் பதிலில் ஒன்று தாளோடு ஒத்துப்போகாவிட்டாலும் வண்டி அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. 'நிறுத்துங்க' என்று சொல்ல அங்கே எல்லோருக்கும் அதிகாரம் உண்டு. கூட்டித் துடைக்கிறவருக்கும் உண்டு, பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கும் உண்டு. போன தவணைப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு சுதர்ஷினி ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தாள்.

ஹட்டனுக்கு மேலே கிறிஸ்தவ சபை ஒன்று நடத்தும் ஆஸ்பத்திரி அது. வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கிற திட்டம் ஒன்றை அங்கே தொடங்கியபோது, முதல் தொகுதியில் எடுபட்ட நான்கு பேரில் சுதர்ஷினி ஒருத்தி. நாலு நாள் தியேட்டர், வெள்ளியும் சனியும் கண்டியில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வட்டவளைக்குக் கீழே இருக்கிற தோட்டத்து வீடு. மூன்றரை வருஷம் இப்படி ஓடினால் தியேட்டர் பிராக்டிஷனர் என்று பட்டம் கையில் வரும். இதைத் தோட்டத்தில் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவளுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று. நர்சா என்று கேட்டார்கள். இல்லை. டாக்டரா? இல்லை. அப்படியென்றால் என்னதான் என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருத்தி மடக்க, அவளுடைய அம்மா ராசம்மாதான் வழக்கைத் தீர்த்துவைத்தாள். "டாக்டரு கத்தியக் கேட்டா எம்புள்ளதான் எடுத்துக் குடுக்கணும். அது குடுக்காட்டி அவரு சும்மாதான் நிக்கணும்." அன்றிலிருந்து தோட்டத்தில் அவள் பேர் கத்தி குடுக்குற புள்ள. அவள் படிக்கிற மயக்க மருந்து இயந்திரமும், நாடித் துடிப்புத் திரையும், நோயாளி கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே இருந்து பார்க்கிற பொறுப்பும் அந்தப் பேரில் எங்கேயும் இல்லை. இருந்தாலும் அம்மா அதைச் சொல்லும்போது முகத்தில் தெரிகிற நிமிர்வுக்காக அவள் திருத்தப் போகவில்லை.

அந்த வருஷத்துக்குரிய வேலைகள் நாற்பது. ஒவ்வொன்றையும் அவள் தனியாகச் செய்து, தியேட்டர் பொறுப்பாளர் யூஜினா மிஸ் பதிவேட்டில் கையெழுத்து வைக்கவேண்டும். முப்பத்தொன்பது முடிந்துவிட்டது. நாற்பதாவது, நோயாளியைத் தனியாக வரவேற்றுச் சரிபார்த்து உள்ளே எடுப்பது. இரண்டு தடவை ஏதேதோ காரணத்தால் தள்ளிப்போய், மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை அது வந்து நின்றது. இன்றைக்கு விட்டால் மூன்றாம் வருஷத்துக்குப் போகமுடியாது, அடுத்த தொகுதிப் பிள்ளைகளோடு இன்னொரு வருஷம் உட்காரவேண்டும். அன்று பட்டியலில் முதல் பேரைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். தெரிந்த ஆள், பயப்படாமல் கேட்கலாம் என்று நினைத்தாள்.

அந்தச் சந்தோஷம் நடைபாதையில் சுமனைப் பார்க்கும்வரைதான் இருந்தது. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன், மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து தூங்காத கண்ணோடு நின்றுகொண்டிருந்தான். டாக்டர் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் அவன்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னவன். அவளைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திக் கெஞ்சினான்.

"அம்மாகிட்ட வெரல்னுதான் சொல்லிவச்சிருக்கேன். கால்னு தெரிஞ்சா எந்திரிச்சு நடந்தே வீட்டுக்குப் போயிரும், ஒனக்குத் தெரியும்ல. நீ ஒண்ணும் வாயத் தொறந்துராத தங்கச்சி."

வேலாயி அப்படிப்பட்டவள்தான். தேயிலைக் கட்டை ஏறிப் பாதத்தில் புண் வந்தபிறகும், சர்க்கரை ஏறிக் கிடக்கிறது என்று டிஸ்பென்சரியில் சொன்னபிறகும், சப்பாத்துக்குள் துணியை அடைத்துக்கொண்டு மூன்று மாதம் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனாள். அரைப்பேர் போட்டு அரைநாள் சம்பளம்தான் தருவார்கள் என்று கிலோவைக் குறையவிடவில்லை. புண்ணில் வாடை வந்தபோது பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த பெண்கள் தள்ளிப்போனார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டாளே தவிர ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ராசம்மா அழுது, சண்டை பிடித்து, கடைசியில் சுமனை வரவழைத்துத்தான் இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

நோயாளியின் முகத்துக்கு நேரே கெட்டதைச் சொல்லக்கூடாது என்பது அந்த லயத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத பழக்கம். சுதர்ஷினி ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கும்போது அவளுடைய அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். கடைசிவரை அவருக்கு அது வயிற்றுப்புண். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு புண் ஆறுகிறது என்றே சொன்னார்கள், அவளும் சொன்னாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, 'இன்னைக்கு மொகம் தெளிவா இருக்குப்பா' என்று சொல்வது அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. எந்த மாதம் வேலைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே அவர் செத்துப்போனார். அதை அவள் பொய் என்று நினைத்ததில்லை. அதுதான் பாசம் என்று நினைத்திருந்தாள்.

ஆகவே அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால், வேலாயி விரல் என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில், சுதர்ஷினிக்குள் பலதும் ஒன்றாக வந்து விழுந்தன. டாக்டர் கண்டியிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார். இன்றைக்கு நிறுத்தினால் அடுத்த செவ்வாய். அதற்குள் விஷம் இரத்தத்தில் ஏறிவிடும் என்று காலையில்தான் பேசிக்கொண்டார்கள். சுமன் கெஞ்சியது ஒரு பக்கம். பதிவேட்டில் காலியாக இருந்த நாற்பதாவது கட்டம் ஒரு பக்கம். இவற்றில் எது அவள் கையை நகர்த்தியது என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தாள். நல்ல காரணத்தையே ஒவ்வொரு தடவையும் முதலில் எடுத்தாள், ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டம்தான் அதற்கு முன்னால் வந்து நின்றது. அவள் வேலாயியிடம் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் என்று மூன்றாவது கேள்வியைக் கேட்டாள். வலது பக்கம் என்றாள் வேலாயி. தாளில் மூன்று கட்டத்திலும் சரி போட்டாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த டாக்டர் "ஹரித?" என்று கேட்க, சரிதான் என்று சிங்களத்திலேயே பதில் சொல்லி வண்டியைத் தள்ளினாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தூக்கத்துக்கும் மருந்து ஏற்றினார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டும்போது வேலாயி அரைத்தூக்கத்தில் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். காலைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த வேலை எப்போதும் பயிற்சிப் பிள்ளைக்குத்தான். கையுறை போட்ட இரண்டு கைகளாலும் குதிகாலையும் கெண்டையையும் ஏந்திக்கொண்டு சுதர்ஷினி நின்றாள். கட்டைப் பிரித்திருந்த அந்தப் பாதத்தில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களில் போன தைப்பொங்கலுக்குப் போட்ட மருதாணியின் மிச்சம் நகநுனியில் இன்னும் இருந்தது. ரம்பத்தின் சத்தம் வந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை ஒரு தடவை நின்று மறுபடி தொடர்ந்தது. பிறகு சட்டென்று முழுக் கனமும் அவள் கைக்கு வந்தது. கொழுந்துச் சாக்கைக் கையால் தூக்கியே கிலோ சொல்லுகிற வீட்டில் வளர்ந்தவள்; மூன்றே கால் இருக்கும் என்று மனசு தன்பாட்டில் சொல்லியது. அப்படிச் சொன்ன மனசை அவளுக்கு அறையவேண்டும்போல இருந்தது. மஞ்சள் பையில் போட்டு, வாயைக் கட்டி, சீட்டில் பேரும் நேரமும் எழுதி, எரிக்கக் கொண்டுபோகும் பெட்டியில் வைத்தது அவள்தான்.

விழித்தபின் பார்த்துக்கொள்ளும் அறையிலும் அவள்தான் பக்கத்தில் இருக்கவேண்டும். போர்வை காலில் படாமலிருக்கக் கம்பி வளையம் ஒன்றை வைத்து மூடியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை. வேலாயி கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு இவளைக் கண்டுபிடித்துச் சிரித்தாள்.

"முடிஞ்சிருச்சா? வலியே தெரியலையே சுதா." ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தடவினாள். "நீ கூட இருந்தில்ல. அதான் எனக்குப் பயமே வரல."

சுதர்ஷினி இரத்த அழுத்தத்தைக் குறித்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறிக்கவேண்டும். ஒன்பது தடவை குறித்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் வேலாயி, அடுத்த மாதம் மலைக்குப் போகலாமா என்று கேட்டாள், சுமனுக்குப் பெண் பார்க்க ஒரு இடம் இருப்பதாகச் சொன்னாள், தாகமாக இருக்கிறது என்றாள். சொல்வதற்கு ஒன்பது இடைவெளி கிடைத்தது. சுதர்ஷினி ஈரப் பஞ்சால் அவளுடைய உதட்டைத் துடைத்துவிட்டாள். அன்று பின்னேரம் யூஜினா மிஸ் பதிவேட்டைத் திறந்து, நோயாளி எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாரா என்று கேட்டார். ஆமா மிஸ் என்றாள். நாற்பதாவது கட்டத்தில் கையெழுத்து விழுந்தது. பக்கத்தில் 'மிக நன்று' என்று எழுதி அடிக்கோடும் போட்டார். நாலு மணிக்கு வேலை முடிந்ததும் வார்டுப் பக்கமே போகாமல், சமையல்கட்டு வழியாகச் சுற்றி, விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

உணர்ச்சி திரும்பியபோது சுதர்ஷினி பக்கத்தில் இல்லை. நடந்ததை ஞாயிற்றுக்கிழமை அம்மா சொல்லித்தான் கேட்டாள். காலில் என்னவோ கடிக்கிறது என்று வேலாயி குனிந்து சொறியப் போயிருக்கிறாள். கை மெத்தையில் பட்டிருக்கிறது. மறுபடி தடவியிருக்கிறாள். கத்தவில்லையாம், அழவில்லையாம். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, திரும்ப ஒழுங்காக மூடிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாளாம். சுமன் காலில் விழுந்து அழுதிருக்கிறான். எந்தக் கால்ல விழுகுற என்று ஒரு வார்த்தை கேட்டாளாம், அவ்வளவுதான். அதன்பின் அவனோடு பேச்சில்லை. வெட்டிய காலை எங்கே போட்டார்கள் என்று மட்டும் வந்த நர்சிடமெல்லாம் கேட்டிருக்கிறாள். தோட்டத்து மயானத்தில், அவள் புருஷனுக்குப் பக்கத்தில் ஒரு குழி வெட்டிப் புதைத்திருக்கலாமே என்று. சொல்லி முடித்துவிட்டு ராசம்மா, உயிரைக் காப்பாற்றத்தானே செய்தீர்கள், இதற்குப் போய் ஏன் மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறாய் என்று மகளுக்குச் சோறு போட்டாள். கேட்டிருந்தால் அந்தக் காலைக் கொடுத்திருப்பார்கள். கேட்பதற்கு வேலாயிக்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டும். சுதர்ஷினிக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தொன்பது நாள் அவள் வார்டுக்குப் போகாமலே சமாளித்தாள். இருபதாம் நாள், திங்கட்கிழமை காலை, மறுநாள் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். வேலாயியின் பேர் இருந்தது. வெட்டிய இடம் சேரவில்லை. தையல் ஓரம் கறுத்துவிட்டது. முழங்காலுக்கு மேலே மறுபடி வெட்டவேண்டும். வரவேற்றுச் சரிபார்ப்பது என்ற இடத்தில் சுதர்ஷினி என்று எழுதியிருந்தது. தனியாகச் செய்யத் தகுதி பெற்றுவிட்டாளே.

அவள் நேரே யூஜினா மிஸ்ஸின் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இருபது வருஷமாகத் தியேட்டரை நடத்துகிறவர் யூஜினா. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை.

"நம்ம ஆளுங்க பாதிப் பேரு அப்படித்தான் உள்ள வாறாங்க. மகன் ஒண்ணு சொல்லியிருப்பான், மருமக ஒண்ணு சொல்லியிருப்பா. எல்லாரையும் நான் நிறுத்தியிருந்தா இந்தத் தியேட்டர்ல பாதி நாள் லைட்டே எரிஞ்சிருக்காது," என்றார். அது ஆறுதலா, ஒப்புக்கொள்வதா என்று சுதர்ஷினிக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்து அவர் பதிவேட்டை வாங்கி, நாற்பதாவது கட்டத்தில் தன் கையெழுத்தையும் 'மிக நன்று'வையும் குறுக்கே கோடு கிழித்து, தேதி போட்டார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். ஒரு வருஷம் போகும், அதற்கு மேலும் என்னவும் வரலாம், தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். டாக்டருக்குப் போன் செய்து, நாளைக்கு ஒப்பரேசனுக்கு முன்னால் வார்டுக்கு வந்து நோயாளியோடு நேரில் பேசவேண்டும் என்றும் சொன்னார். அவர் சொல்வதைத் தமிழில் சொல்லப்போவது யார் என்று கேட்டபோது, நான் சொல்றேன் மிஸ் என்றாள் சுதர்ஷினி.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மறுபடி லீவு போட்டு வந்திருந்த சுமன் சன்னலோரம் நின்றான். மூன்று வாரத்தில் வேலாயியின் முகம் பாதியாகியிருந்தது. டாக்டர் ஒரு வரி சொல்லி நிறுத்த, சுதர்ஷினி அதை அப்படியே சொன்னாள். எதையும் வழித்து மெழுகவில்லை. புண் ஆறவில்லை. முழங்காலுக்கு மேலே, தொடையில் வெட்டவேண்டும். வெட்டினாலும் ஆறும் என்று உறுதி சொல்லமுடியாது. வெட்டாவிட்டால் விஷம் ஏறும். அந்த இடத்தில் டாக்டர் சொன்ன சிங்களச் சொல்லுக்கு மென்மையான தமிழ் எத்தனையோ உண்டு.

"செத்துருவீங்க பெரியம்மா. கொஞ்ச வாரம்தான் இருப்பீங்க."

சுமன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அந்த லயத்தில் பிறந்த யாரும் படுத்திருக்கிறவர் முகத்தைப் பார்த்து இப்படிச் சொன்னதில்லை. வேலாயி மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். ஒன்றும் செய்யமாட்டார்கள், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வலிக்கு மாத்திரை தருவார்கள் என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள் சுதர்ஷினி. அப்போதுதான் வேலாயி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"அன்னிக்கு நீ கேட்டப்ப, வெரல்னுதானே நான் சொன்னேன்?"

"ஆமா பெரியம்மா."

"இல்லைன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சுமன் சொன்னது எனக்குப் பெருசில்ல. அவன் பயந்த பய. பெத்தவ போயிருவாளோன்னு சொன்னான். நீ எங்கிட்ட கேட்ட புள்ள. கேட்டுட்டு, நான் சொன்னதயும் கேட்டுட்டு, சும்மா இருந்துட்ட." மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினாள். "கால் போனதக்கூட மறந்துருவேன்போல இருக்கு. இத மறக்க முடியல."

சுதர்ஷினிக்கு மன்னிச்சிருங்க என்ற சொல் வாய்வரை வந்தது. அதைக் கேட்பதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும்போல இருந்தது. அவள் அழுதுவிட்டாள். வேலாயி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, மலைக்கு அரிசிப் பொட்டலம் கொண்டுவருகிற கடைக்காரனோடு பேசிப் பழகிய சிங்களத்தில், வேண்டாம் ஐயா, வீட்டுக்குப் போகிறேன் என்று அவளே சொன்னாள். ஒரு மணி நேரம் எல்லோரும் மாறிமாறிப் பேசிப் பார்த்தார்கள். நாளைக்கு மனசு மாறினால் அடுத்த செவ்வாய் வரலாம் என்றார் டாக்டர். பார்ப்போம் என்றாள் வேலாயி. தன் விருப்பப்படி வெளியேறுவதாகக் கையெழுத்துக் கேட்ட தாளைச் சுதர்ஷினியிடம் நீட்டி, தலைப்பிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்ததும் மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னாள். அதன்பின்தான் பேனாவை வாங்கினாள்.

மறுநாள் யூஜினா மிஸ்ஸிடம் லீவு கேட்டுக்கொண்டு சுதர்ஷினியும் த்ரீவீலரில் கூடப் போனாள். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டு மாற்ற ஆள் வேண்டுமே என்று ராசம்மாதான் பொதுவாகச் சொன்னாள். ரோடு கொழுந்து நிறுக்கிற மடுவத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து லயத்துக்குக் கல்லும் மண்ணுமாக நூற்றுக்கு மேலே படி. கோயில் கமிட்டியின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மூன்று பேர் நின்றார்கள். மேட்டில் நோயாளியைத் தூக்கினால் தலைப்பக்கம் மேலேயும் கால்பக்கம் கீழேயுமாகத்தான் தூக்குவார்கள். நாற்காலி என்றாலும் அதே பழக்கம்தான். வேலாயியை உட்காரவைத்து, சேலையால் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, மேலே இரண்டு பேர் முதுகுப்பக்கத்தைப் பிடிக்க, கீழே இரண்டு பேர் முன்கால்களைத் தோளில் தாங்க, ஏறத் தொடங்கினார்கள். சுமன் முதுகுப்பக்கத்தில் ஒருவனாகப் பிடித்திருந்தான். மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு சுதர்ஷினி கடைசியாக ஏறினாள்.

இரண்டு படி ஏறியபிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. நாற்காலி கீழ்நோக்கித் திரும்பியிருந்தது. ஏறுகிற வழி முழுக்க வேலாயியின் முகம் அவளுக்கு நேரேதான். குனிந்தால் படி, நிமிர்ந்தால் அந்த முகம். வேகத்தைக் குறைத்துப் பின்தங்கிப் பார்த்தாள். தூரம் கூடியதே தவிர பார்வை நகரவில்லை. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தாங்கியிருக்கும். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு, தலையில் சாக்கோடு அப்படியே நின்று பார்த்தார்கள். படி செங்குத்தாகும் இடத்தில் சுதர்ஷினிக்கு இளைத்தது. ஆஸ்பத்திரிச் சமதரையில் நடந்து பழகிய கால்கள். வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டு ஒரு கணம் மண்மேட்டைப் பிடித்து நின்றாள்.

"மெதுவாப் போங்கடா," என்றாள் வேலாயி, தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம். "புள்ளைக்கு எளைக்குது."

அவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். இன்னும் பாதிக்கு மேல் படி இருந்தது. நாற்காலி ஒவ்வொரு படியாக, மெதுவாக, நின்று நின்று மேலே போயிற்று. வெள்ளைத் துணி சுற்றிய அந்த முழங்கால் காற்றில் நீண்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுதர்ஷினியின் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.